வெறுங்கையோடு திரும்பும் துணிவு

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் நமக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் நம் பங்கில் பிறந்து வளர்ந்தவர்; சிறு வயதில் பீடச் சிறுவராக நின்று மணி அடித்தவர்; இப்போது அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பொறியாளராகப் பணிபுரிபவர். நலம் விசாரித்தபின் அவர் எழுதியிருந்த செய்தி நம்மைச் சற்றே திகைக்க வைத்தது. அங்கு அவர் சேர்ந்துள்ள பங்கில் மூன்று நண்பர்கள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வேறொரு மாநிலத்துக்குச் சென்று, வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுவார்களாம். இவ்வாண்டு இவரையும் அழைத்திருக்கிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில், 700 கிலோமீட்டருக்கு அப்பால், மிசௌரி மாநிலத்தின் தென்கோடியிலுள்ள ஒரு பொதுக் காட்டில் ஐந்து நாள் வேட்டை. ஓராண்டாக வில் பழகியிருக்கிறார். வேட்டைக் கல்வி வகுப்பில் சேர்ந்து சான்றிதழும் பெற்றிருக்கிறார்.

“எல்லாம் ஆயத்தமாகிவிட்டது ஐயா, மனம் மட்டும் ஆயத்தமாகவில்லை. மானைக் கொல்வது பாவமா? அதுவும் நான் குடியிருக்காத மாநிலத்துக்குப் போய், எனக்கு உரிமையில்லாத காட்டில் கொல்வது சரியா?” என்று கேட்டிருந்தார். மடலோடு, நண்பர்கள் வகுத்திருந்த பயணத் திட்டத்தையும் இரண்டு தாள்களில் இணைத்திருந்தார். வரைபடம், நேரக் குறிப்பு, செலவுக் கணக்கு, எடுத்துச்செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் எல்லாம் அவற்றில் இருந்தன.

அவர் கேட்ட இரு வினாக்களுக்கும் விடை தேடி நாம் நூல்களைப் புரட்டினோம். அந்த இரண்டு தாள்களைப் புறத்தே வைத்துவிட்டோம். அவற்றைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும் என்பது பின்னர் விளங்கியது.

கொல்லலாமா?

மான் வேட்டை என்றதும் நம்மவர் உள்ளம் கூசுவது இயல்பே. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது தண்டனைக்குரிய குற்றம். சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே, புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துத் தந்த வள்ளுவர் நமக்கு இருக்கிறார். அவருடைய அறத்தின் முன் நாம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். ஏனெனில் ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு இறைச்சிக் கடை முன் வரிசையில் நிற்பவர்கள் நாம். கடைக்காரர் வெட்டித் தரும் துண்டில் நாம் உயிரைக் காண்பதில்லை, எடையைத்தான் காண்கிறோம். அந்த இளைஞரோ தம் உணவுக்கான உயிரைத் தம் கையாலேயே எடுக்கப் போகிறார். எடுக்கும் முன் தயங்கி நின்று கேட்கிறார். அந்தத் தயக்கத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

திருவிவிலியம் வேட்டையை அறியாத நூல் அன்று. முதிர்ந்து பார்வை மங்கிய ஈசாக்கு தம் மூத்த மகன் ஏசாவை அழைத்து, வில்லும் அம்பறாத்தூணியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் வேட்டை உணவு கொண்டுவரச் சொன்னதைத் தொடக்கநூலில் படிக்கிறோம். உண்ணத் தகுந்த விலங்குகளின் வரிசையில் மானைச் சேர்த்திருக்கிறது இணைச்சட்டம். ஆயினும் இந்த அனுமதி வரம்பற்றதாக இல்லை. வேட்டையில் விலங்கையோ பறவையையோ பிடிப்பவர், அதன் குருதியை நிலத்தில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்று லேவியர் நூலின் 17-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. குருதி உயிரின் இருப்பிடம். உயிர் ஆண்டவருக்கு உரியது. காட்டின் நடுவே, காண்பார் எவரும் இல்லாத இடத்தில், வேட்டைக்காரர் முழந்தாளிட்டுக் குருதியை மண்ணிட்டு மூடும் அந்தச் சிறிய சடங்கு, ‘இது எனக்கு உரியதன்று, எனக்குத் தரப்பட்டது’ என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதற்காகவே விதிக்கப்பட்டது போலும்.

திருச்சபையின் மரபும் இதே நடையில் செல்கிறது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருக்கள் வேட்டையில் ஈடுபாடு கொள்ளலாகாது என்றது. நாய்களும் ஆரவாரமுமாய் நடக்கும் வேட்டையை அவர்களுக்கு அறவே தடுத்தது. வேட்டையிலும் அமைதியானது, ஆரவாரமானது என வேறுபாடு கண்டனர் அக்காலத்துச் சட்ட அறிஞர். பொதுநிலையினருக்கு அத்தகைய தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது முறையே என்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கே முரணானவை என்றும் கூறுகிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் ‘லௌதாத்தோ சி’ திருமடலில் இப்போதனையை மீண்டும் நினைவூட்டினார்.

மறைக்கல்வி இதை எந்தக் கட்டளையின் கீழ் வைத்திருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளையின் கீழே இப்பகுதி இல்லை. களவை விலக்கும் ஏழாம் கட்டளையின் கீழே இருக்கிறது. ஆக, ஒரு மானை வீழ்த்துபவரிடம் திருச்சபை முதலில் கேட்பது: ‘யாருக்கு உரியதை எடுக்கிறாய்? எவ்வளவு எடுக்கிறாய்?’ இளைஞரின் இரண்டாம் வினாவே முதல் வினாவாகிவிட்டது.

யாருடைய மான்?

அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்கு நிலத்துக்காரரின் உடைமை அன்று. மக்கள் அனைவர் சார்பிலும் மாநில அரசு அதைப் பொறுப்பேற்றுக் காக்கிறது. இந்தக் கொள்கை எளிதில் வந்துவிடவில்லை. மிசௌரியில் 1925-ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த மான்கள் ஏறத்தாழ 395. ஓசார்க் மலைப்பகுதியின் பைன் காடுகளை மரத் தொழிற்கூடங்கள் வெட்டித் தீர்த்திருந்தன. எஞ்சிய மான்களை விதியற்ற வேட்டை தீர்த்துக்கொண்டிருந்தது. 1936-இல் அம்மாநில மக்கள் தாங்களாகவே மனுக் கொடுத்து, வாக்களித்து, வனவிலங்குகளைக் காக்கும் ஆணையம் ஒன்றை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தனர். சில ஆண்டுகள் வேட்டை அறவே மூடப்பட்டு, 1944-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 1976-இல் தங்கள் விற்பனை வரியில் நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கை, அதாவது 8 டாலர் பொருளுக்கு 1 சென்ட் வீதம், காட்டுக்கும் நீருக்கும் விலங்குக்கும் என ஒதுக்க அதே மக்கள் வாக்களித்தனர். வேட்டையே ஆடாத விதவையும், மளிகைப் பொருள் வாங்கும் தொழிலாளியும் அந்த ஒரு சென்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று அங்குள்ள மான்கள் 10 லட்சத்துக்கும் அதிகம்.

நிலத்தின் கதை வேறு. மார்க் டுவைன் தேசியக் காடு, 29 மாவட்டங்களில் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கரில் பரந்து கிடக்கிறது. மரம் வெட்டிக் கைவிடப்பட்ட தரிசுகளை நடுவண் அரசு விலைக்கு வாங்கி, 1939-இல் தேசியக் காடாக அறிவித்தது. ஆகவே அது அமெரிக்க மக்கள் அனைவருக்கும் பொது. சிக்காகோவில் வரி செலுத்தும் நம் இளைஞர் அங்கே நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். ஆனால் அங்கே மேயும் மான் மிசௌரி மக்களின் பொறுப்பில் உள்ளது. மண் எல்லோருக்கும், மான் அவ்வூர்க்காரருக்கு! வில் வேட்டை உரிமத்துக்கு உள்ளூர்க்காரர் கொடுப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக வெளியார் கொடுக்க வேண்டும்.

இது நீதியா என்னும் வழக்கு ஒருமுறை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1976-இல் மொன்டானா மாநிலத்தில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட உள்ளூர்க்காரர் 9 டாலர் கொடுத்தால் போதும். வெளியார் பிற விலங்குகளையும் சேர்த்த உரிமமாக 225 டாலர் கொடுத்தாக வேண்டும். வெளியார் தொடுத்த வழக்கில் 1978-இல் தீர்ப்பு வந்தது. ஒரு மாநிலம் வெளியாரின் பிழைப்பைத் தடுப்பது வேறு. பொழுதுபோக்குக்கு வேறு விலை வைப்பது வேறு. பின்னது செல்லும் என்றது நீதிமன்றம்.

உலகின் நலன்கள் அனைத்தும் மாந்தர் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 69-ஆம் எண்ணில் போதித்தது. அப்படியானால் வெளியாருக்கு ஏன் வேறு விலை என்று கேட்கத் தோன்றும். இதற்கு இணைச்சட்டத்தின் 23-ஆம் அதிகாரத்தில் நயமான ஒரு விடை இருக்கிறது. அயலாரின் திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறவர் வயிறார உண்ணலாம். ஆனால் கூடையில் சேர்த்து எடுத்துச்செல்லக் கூடாது. அயலாரின் பயிருக்குள் போகிறவர் கையால் கதிர் கொய்யலாம். அரிவாளை வைக்கக் கூடாது. வழிப்போக்கருக்கும் அந்த நிலத்தில் பங்கு உண்டு. ஆனால் அது விருந்தினரின் பங்கு. பயிரிட்டுக் காத்தவரின் பங்கோடு அதைச் சமமாக்க முடியாது. மடலுக்கு விடை எழுதும்போது, ‘தம்பி, நீங்கள் அங்கே போகலாம், ஆனால் விருந்தினராகப் போங்கள்’ என்றே தொடங்கினோம்.

ஒரு குருவின் காடு

நண்பர்கள் தெரிந்தெடுத்திருந்த இடத்தின் பெயரைத் தாளில் கண்டபோது நமக்கு வியப்பு மேலிட்டது. மார்க் டுவைன் காட்டுக்குள் 16 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அப்பகுதிக்கு ‘ஐரிஷ் வனாந்தரம்’ என்று பெயர். அப்பெயருக்குக் காரணம் ஒரு கத்தோலிக்கக் குரு. அயர்லாந்தில் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் குருப்பட்டம் பெற்ற ஜான் ஜோசப் ஹோகன், இருப்புப்பாதை வேலையிலும் நகரத்துச் சேரிகளிலும் நொந்துகிடந்த தம் நாட்டு ஏழைகளுக்குச் சொந்த மண் வேண்டும் என்று அலைந்தார். மலிவான நிலத்தை இந்த மலைக்காட்டில் கண்டு, 1858, 1859 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 குடும்பங்களைக் குடியேற்றினார். மரக்கட்டைகளால் கோவிலும் எழும்பியது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இரு தரப்புக் கொள்ளைக் கூட்டங்களும் மாறி மாறி அந்தக் காட்டைச் சூறையாடின. போர் முடிந்தபோது அக்குடும்பங்கள் அங்கே இல்லை. ஹோகன் பின்னர் 1868-இல் செயின்ட் ஜோசப் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அவர் தேடித் தந்த மண்ணில் எஞ்சியது பெயர் மட்டுமே.

அவர்களுக்கு முன்பும் அந்த மண்ணுக்கு உரியவர்கள் இருந்தார்கள். ஓசேஜ் பழங்குடியினர் 1808-இல் ஓர் ஒப்பந்தத்தால் அதை இழந்தார்கள். ஆகப் ‘பொது நிலம்’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லின் அடியில் இழந்தவர்களின் வரிசை ஒன்று கிடக்கிறது. அங்கே கால் வைப்பவர் அதை அறிந்து கால் வைப்பது நல்லது.

1984-இல் நாடாளுமன்றம் இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவித்தது. அதனால் உந்துவண்டி மட்டுமன்றிக் கைவண்டிகூட உள்ளே போக முடியாது. அங்கே மானை வீழ்த்துபவர் அதைத் தம் முதுகில் சுமந்துதான் வெளியேற வேண்டும். முதிர்ந்த ஒரு கலைமானின் எலும்பு நீக்கிய இறைச்சி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். எடுத்ததைச் சுமந்தாக வேண்டும் என்னும் அவ்விதி, பேராசைக்கு நல்ல கடிவாளம்.

அம்பின் தொலைவு

துப்பாக்கியை விட்டு வில்லை எடுப்பவர்கள், வில் நேர்மையான கருவி என்பார்கள். அதில் உண்மை உண்டு. வில்லாளி மானுக்கு 20, 25 கெஜ தொலைவு வரை நெருங்கியாக வேண்டும். காற்றின் போக்கை அறிந்து, மரத்தில் கட்டிய பரண்மேல் மணிக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். பெரும்பாலான நாள்கள் மான் வெல்லும். ஆனால் இந்நேர்மைக்கு ஒரு விலை உண்டு. அதை மான் கொடுக்கிறது. அம்பு கொல்வது குருதிப் பெருக்கால். நெஞ்சுக்கூட்டில், நுரையீரலில் தைத்தால் மான் சில நொடிகளில் சாய்ந்துவிடும். ஒரு சாண் பின்னே வயிற்றில் தைத்தால் பல மணி நேரம் உயிரோடு கிடந்து வேதனைப்படும். மேரிலாந்து மாநிலத்தின் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை பயிற்சி பெற்ற வில்லாளிகளின் வேட்டையைக் கணக்கிட்டபோது, அம்பு தைத்த மான்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு கண்டெடுக்கப்படவில்லை. அவற்றுள் சில பிழைத்திருக்கலாம். பிழையாதவை எங்கோ புதரில் கிடந்து மடிந்தன.

நம் திருச்சபை மானோடு சேர்த்து நினைக்கும் புனிதர் இருவர். ஒருவர் நவம்பர் 3-ஆம் நாள் விழாக் காணும் புனித ஹூபர்ட். பெரிய வெள்ளியன்றும் வேட்டைக்குப் போனவர் என்றும், துரத்திய மானின் கொம்புகளிடையே திருச்சிலுவையைக் கண்டு மனந்திரும்பினார் என்றும் மரபுக் கதை சொல்லும். வேட்டைக்காரர்களின் பாதுகாவலர் அவர். மற்றவர் செப்டம்பர் 1-ஆம் நாளுக்குரிய புனித ஜைல்ஸ். காட்டில் தவம் செய்த அவரிடம் பிணைமான் ஒன்று அடைக்கலம் புகுந்தது. அரச வேட்டைக் கூட்டம் அதன்மேல் எய்த அம்பு அவர்மேல் பாய்ந்தது. அவர் கால் ஊனமாயிற்று. ஊனமுற்றோரின் பாதுகாவலராக அவரை வணங்குகிறோம். வேட்டைக்காரர்கள் ஹூபர்ட்டை நினைக்கிறார்கள். ஜைல்ஸை நினைப்பவர் அரிது. எய்த அம்பு எங்காவது, எவர் உடலிலாவது போய்த்தான் நிற்கும் என்பதை அவருடைய ஊனக்கால் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு தாள்கள்

இவ்வளவும் எழுதி முடித்தபின்தான் அந்த இரண்டு தாள்களை எடுத்துப் பார்த்தோம். திட்டம் பொறியாளருக்கே உரிய நேர்த்தியோடு இருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து புறப்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை, விடியலுக்கு அரை மணி முன்பிருந்து பொழுது சாய்ந்து அரை மணி வரை, சட்டம் தந்த நேரம் முழுவதும் வேட்டை. வெள்ளி இரவே கூடாரம் பிரித்து, விடிய விடிய வண்டியோட்டி, சனிக்கிழமை காலை வீடு. உரிமக் கட்டணம், எரிபொருள், ஊதியமற்ற விடுப்பு எல்லாம் கூட்டிப் போடப்பட்டிருந்தன. கூட்டுத்தொகையின் கீழே, “இவ்வளவு செலவழித்து வெறுங்கையோடு வந்தால் என் மனைவி என்ன சொல்வாளோ!” என்று விளையாட்டாக எழுதியிருந்தார்.

அந்த விளையாட்டு வரியில்தான் நம் கண் நின்றது. வெள்ளிக்கிழமை மாலையை எண்ணிப் பார்த்தோம். நான்கு நாள் பரண்மேல் குளிரில் காத்தாயிற்று, ஒன்றும் வரவில்லை. ஒளி மங்குகிறது. 40 கெஜத்தில், கிளைகளுக்குப் பின்னே, பாதி திரும்பியபடி ஒரு கலைமான் நிற்கிறது. திங்கட்கிழமை காலையானால் அவர் வில்லைத் தாழ்த்தியிருப்பார். வெள்ளி மாலையில் 700 கிலோமீட்டர் தொலைவும், கட்டிய பணமும், வீட்டில் காத்திருப்போர் முகமும் சேர்ந்து அவர் கையில் நாணை இழுக்கும். அம்பு பின்னே தைத்தால், வயிற்றில் காயமுற்ற மானை உடனே தொடரக் கூடாது. தொடர்ந்தால் எழுந்து ஓடி, காணக் கிடைக்காத இடத்தில் போய் விழும். விடியும்வரை பொறுத்துத்தான் தேட வேண்டும். திட்டத்தில் விடியலே இல்லை. சனிக்கிழமை காலை அவர் வீட்டில் இருந்தாக வேண்டும்!

இங்கே பாவம் எப்போது நிகழ்கிறது? அம்பு விடும் நொடியிலா? நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த நொடியில் மனிதருக்கு எஞ்சியிருக்கும் விடுதலை மிகச் சிறிது. ஆகஸ்டு மாதத்தில், மேசைமேல் தாளை விரித்து, தேடுவதற்கு ஒரு நாளையும் ஒதுக்காமல் ஐந்து நாளையும் வேட்டைக்கே எழுதியபோது அதன் பெரும்பகுதி முடிவாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் நாம் மனப்பாடமாக ஒப்பித்த தலையான புண்ணியங்களை நினைத்துப் பாருங்கள்: விவேகம், நீதி, திடம், மட்டசனம். விவேகம் ஏன் முதலில் நிற்கிறது என்று சிறுவயதில் நமக்கு விளங்கவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகத்தின் கூறுகளை ஆராயும்போது, வரவிருப்பதை முன்னறிந்து அதற்கேற்ப வழிவகுக்கும் முன்னோக்கை அதன் முதன்மையான கூறாகக் காட்டுகிறார். மட்டசனம் தேவைப்படும் மாலையில் அது நமக்குக் கிடைக்க வேண்டுமானால், விவேகம் இரண்டு மாதம் முன்னரே அதற்கு இடம் போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஆகவே நம் விடை மடலில், ‘பாவம்’ என்றோ ‘பாவமன்று’ என்றோ எழுதுவதை விட்டுத் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னோம். வேட்டை வியாழன் நண்பகலோடு முடியட்டும். வெள்ளி முழுவதும் தேடுவதற்கான நாளாக இருக்கட்டும். தேட ஒன்றுமில்லையேல் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். பயிற்சியில் பத்துக்குப் பத்தும் தைக்கும் தொலைவு எதுவோ அதற்குமேல் எய்வதில்லை என்று புறப்படும் முன்பே நால்வரும் ஒருவர்க்கொருவர் வாக்குக் கொடுங்கள். காட்டை ஒட்டிய தனியார் நிலத்துக்காரர்களை முதல் நாளே பார்த்து வணக்கம் சொல்லுங்கள். காயமுற்ற மானுக்கு வேலி தெரியாது, உங்களுக்கோ அனுமதியின்றி வேலி தாண்டும் உரிமை இல்லை. வீழ்த்திய மானை அன்றிரவு 10 மணிக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. காட்டுக்குள் தொலைபேசி எட்டாதென்றால் வெளியே நடந்துவர நேரம் ஒதுக்குங்கள். நவம்பரிலும் அங்கே பகல் வெதுவெதுப்பாக இருக்கும் நாள்கள் உண்டு. பனிக்கட்டி இல்லாமல் போய் இறைச்சியை அழுகவிடுவது, கொன்றதை மீண்டும் கொல்வதாகும். நோயுற்ற மான்களால் பரவும் தொற்றைத் தடுக்க, மூளையையும் தண்டுவடத்தையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரத் தடை இருக்கும். அதையும் கேட்டு அறியுங்கள். அம்மாநிலத்தில் 1992 முதல் வேட்டை இறைச்சியைப் பசித்தோருக்குப் பகிரும் திட்டம் ஒன்று உண்டு. மான் கிடைத்தால் விருந்தினராகச் சென்ற நீங்கள் உங்கள் பங்கில் ஒரு பகுதியை அங்கேயே விட்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும் முன்பே உங்கள் மனைவியிடம், ‘நான் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் மடல்

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் அவருடைய இரண்டாம் மடல் வந்தது. திட்டத்தை மாற்றியிருந்தார்கள். புதன்கிழமை மாலை, அவர்களுள் மூத்தவர், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், 18 கெஜ தொலைவில் ஒரு பிணைமானின்மேல் அம்பு விட்டார். குறையில்லாத குறி. அம்பு வில்லை விட்ட கணத்தில் மான் ஓர் அடி முன்னே வைத்தது. அம்பை எடுத்துப் பார்த்தபோது வயிற்றில் தைத்தது தெரிந்தது. முறைப்படி விடியும்வரை பொறுத்தார்கள். நள்ளிரவுக்குப் பின் மழை பெய்தது. குருதித் தடம் கழுவப்பட்டுப் போயிற்று. வியாழன் முழுவதும் நால்வரும் வரிசையாக நின்று, புதர் புதராக, சில இடங்களில் தவழ்ந்தும் தேடினார்கள். வெள்ளி காலை வேலியோரம் வந்து, முதல் நாள் வணக்கம் சொல்லியிருந்த விவசாயியிடம் கேட்டபோது, அவரே வேலியைத் திறந்துவிட்டுத் தாமும் கூடவே தேடினார். மான் கிடைக்கவில்லை.

சட்டப்படி மூத்தவரின் உரிமம் அப்போதும் செல்லுபடியாகும். அவர் மீண்டும் காட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ, “என் பங்கை நான் எடுத்தாயிற்று, அது எங்கே கிடக்கிறது என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியாது” என்று சொல்லி வில்லை உறையிலிட்டுவிட்டார். நம் இளைஞர் ஓர் அம்பும் விடாமல் திரும்பினார். “வெள்ளிக்கிழமையை நீங்கள் கேட்டு வாங்காமல் இருந்திருந்தால் நாங்கள் அத்தனை நேரம் தேடியிருப்போமா என்று தெரியவில்லை ஐயா” என்று எழுதியவர், முடிவில், “அடுத்த ஆண்டு நான் போகலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அவர்கள் தேடியதால் அந்த மானின் வேதனை ஒரு நாழிகைகூடக் குறையவில்லை. இதை மறைக்க நாம் விரும்பவில்லை. செம்மையான திட்டமும் ஓர் உயிரின் அலறலைத் துடைத்துவிடாது. ‘தேவையின்றி’ என்னும் மறைக்கல்வியின் சொல் அந்த நால்வரின் நெஞ்சிலும் இனி முள்ளாய் இருக்கும், இருப்பதே நல்லது. ஆனால் தேடியவர்களுக்கும் தேடாமல் வண்டியேறியிருக்கக் கூடியவர்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. அவர்கள் அந்த உயிருக்குக் கணக்குக் கொடுக்க முழந்தாளிட்டார்கள்.

நாம் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகிறவர்கள் அல்லர். எனினும் திட்டம் போடுகிறவர்கள். மகளின் திருமணத்துக்கு நாள் குறிக்கிறோம். கடன் வாங்கி வீட்டுக்கு அடித்தளம் இடுகிறோம். பங்குத் திருவிழாவுக்குச் செலவை ஏற்றிக்கொண்டே போகிறோம். பின்வாங்க ஒரு நாளும் ஒரு ரூபாயும் மீதி வைக்காமல் தாளை நிரப்பிவிட்டு, கடைசி மாலையில் கை தவறும்போது, ‘வேறு வழியில்லாமல் செய்துவிட்டேன்’ என்று ஒப்புரவு அருள்சாதனத்தில் சொல்கிறோம். வழி இல்லாமல் செய்தது நாமேதான். அதுவும் பல மாதங்களுக்கு முன்னால்.

அவருடைய கடைசிக் கேள்விக்கு நாம் இன்னும் விடை எழுதவில்லை. எழுதும்போது, போ என்றோ போகாதே என்றோ சொல்லப் போவதில்லை. இவ்வாண்டும் தாளை விரிக்கும்போது, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை எழுதிவிட்டு மற்ற நாள்களை எழுதச் சொல்வோம்.